இருபது நிமிட இருட்டு

ஜெபமலர் ஸ்கூட்டரை நிறுத்தியபோது திரவியம் ஸ்டோர்ஸ் வாசலில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மலையாளமும் தமிழும் புழங்கும் கடைத்தெருவான ஆரியசாலையில் வேடிக்கைக்கு ஆள் சேர்வது பெரிய காரியமில்லை. ஒரு மூட்டை அவிழ்ந்து மல்லி சிந்தினாலே ஐந்து பேர் நிற்பார்கள். இன்றைக்கு அவிழ்ந்து கிடந்தது ஒரு மனிதனின் பை. இரண்டு சட்டை, ஒரு கைலி, சீப்பு, மாத்திரை அட்டை, மனைவி மாடம்மாளின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று, எல்லாம் தெருவில் கிடந்தன. பைக்குச் சொந்தக்காரன் சொரிமுத்து, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து ஆள், பதினோரு வருடமாக அந்தக் கடையில் மூட்டை அடுக்குகிறவன், ஒன்றையும் பொறுக்காமல் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

உள்ளே திரவியம் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக நின்றார். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர். மாலை போட்டவருக்கு எதிரே வருகிறவர் எல்லாம் சாமிதான். "சாமி, பையக் கொட்டு" என்றுதான் சொரிமுத்துவிடமும் சொன்னாராம். மரியாதையில் குறை வைக்கவில்லை.

விஷயம் இதுதான். நேற்று மாலை பின்கட்டுக் குடோனிலிருந்து குங்குமப்பூப் பெட்டி ஒன்றைக் காணவில்லை. கேமரா பதிவை ஓட்டிப் பார்த்தால் ஆறு நாற்பத்தெட்டிலிருந்து ஏழு எட்டு வரை படமே இல்லை, இருட்டு. அந்த நேரத்தில் குடோனில் இருந்தது சொரிமுத்து ஒருவன். வயர்கள் வந்து சேரும் இரும்பு அலமாரியும் அதே குடோனின் மூலையில்தான் இருக்கிறது. வயரைப் பிடுங்கினான், பெட்டியை எடுத்தான், வயரைத் திரும்பச் சொருகினான். திரவியத்துக்குக் கணக்கு நேராக வந்துவிட்டது.

"எடுக்கலேன்னா எதுக்கு வயரப் புடுங்கணும்? நீ ஒண்ணும் செய்யண்டாம் மோளே. வயரப் புடுங்கினா இப்படித்தான் ஆகும்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒப்புப் போட்டுத் தா. பஜனை முடிஞ்சதும் நான் ஸ்டேஷனுக்குப் போகும்."

அந்தக் கடைக்கும் மாடியில் இருக்கும் அவர் வீட்டுக்கும் நெட் இழுத்துக் கொடுத்தவள் ஜெபமலர்தான். எல்லையோரத்துப் பாறசாலைக்காரி. ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, அங்கிருந்து விலகி, தனி ஆளாக ஆறு வருடம் ஏணியில் ஏறி இறங்கி இந்தத் தெருவில் பதினாறு கடை பிடித்திருந்தாள். இங்கே அவள் வைத்தது வீட்டு உபயோகத்துக்கான மெஷ் வைஃபை: மூன்று வெள்ளைப் பெட்டிகள், ஒன்றோடொன்று காற்றிலும் பேசிக்கொள்ளும், வயரிலும் பேசிக்கொள்ளும். அவற்றின் வயர்கள் போய்ச் சேருவது ஒரு பெரிய நெட்வொர்க் ஸ்விட்சில். கழக்கூட்டத்தில் மூடிப்போன ஒரு ஆபீசிலிருந்து திரவியம் தூக்கி வந்தது அது. சாதாரண ஸ்விட்ச் வருகிற எல்லாவற்றையும் அப்படியே கடத்திவிடும். இது ஆபீஸ் ரகம். நாம் சொல்லி வைத்த சட்டப்படி சிலதை விடும், சிலதை மறிக்கும், தப்பாக ஏதாவது தெரிந்தால் வாசலைச் சாத்தும்.

எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஒரு வரி, ஒரு கையெழுத்து. ஆனால் வெளியே குத்தவைத்திருந்தவனின் முகம் அவளுக்குப் பிடிபடவில்லை. அழுதிருந்தாலோ சண்டை போட்டிருந்தாலோ அவள் பேனாவை எடுத்திருப்பாளோ என்னவோ. அவன் சும்மா இருந்தான். பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று சொல்லி லேப்டாப்பைத் திறந்தாள்.

முதலில் பழைய பதிவுகளை ஓட்டினாள். நேற்று மட்டுமல்ல, முந்தாநாள் தவிர, போன பத்து நாளாக மாலை ஆறே முக்காலை ஒட்டி இருபது நிமிடம் இருட்டு. அவளுக்கு மூச்சு வந்தது. தினமும் நடக்கிறதென்றால் இது கோளாறு, திருட்டு இல்லை. கையோடு திரவியத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் திரையைப் பார்த்தார். "இருட்டில்லாத நாள் எது?"

"முந்தாநாள், புதன்கிழமை."

"புதன்கிழமை அவனுக்குப் பனி, காய்ச்சல். வேலைக்கே வரலை." திரவியத்தின் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அவன் வந்த நாளெல்லாம் கேமரா போகுது. வராத நாள் போகலை. தினமும் ஒத்திகை பாத்திருக்கான். நீயே கண்டுபிடிச்சுத் தந்துட்ட மோளே."

ஜெபமலர் காப்பாற்றப் போய்க் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டாள். மாடியிலிருந்து திரவியத்தின் மனைவி மங்கலம் பஜனைக்கு நேரமாச்சு என்று குரல் கொடுத்தாள். மணி ஆறேகால். அவர் படியேறிப் போனார். அவர் இறங்கி வருவதற்குள் ஏதாவது தெரிந்தாக வேண்டும்.

குடோனுக்குப் போய் ஸ்விட்சின் குறிப்பேட்டைத் திறந்தாள். அது தனக்கு நடப்பதையெல்லாம் தானே எழுதி வைத்துக்கொள்ளும். ஆனால் தேதியெல்லாம் இரண்டாயிரத்துப் பதினெட்டு ஜனவரி என்று இருந்தது. சரியான நேரத்தை அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது அவள் வேலை, செய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இப்போது அது காட்டும் நேரத்தையும் கையில் கட்டியிருந்த வாட்சையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டாள். வரிசையாகப் பொருந்தியது. ஒவ்வொரு இருட்டுக்கும் நேராக ஒரே வாசகம்: வளையம் கண்டுபிடிக்கப்பட்டது, மூன்றாவது போர்ட்டும் ஐந்தாவது போர்ட்டும் மூடப்பட்டன. போர்ட் என்பது வயர் சொருகும் வாசல்.

கையால் பிடுங்கினால் இப்படி எழுதுமா? மூன்றாவது வயரை அவளே உருவினாள். வயர் போய்விட்டது என்று மட்டும் எழுதியது. வளையம் என்ற பேச்சே இல்லை. திரும்பச் சொருகினாள். ஆக, யாரும் எதையும் பிடுங்கவில்லை. மூன்றாவது வயர் கடை ஆபீசில் இருக்கும் வெள்ளைப் பெட்டிக்குப் போகிறது. ஐந்தாவது மாடி ஹாலில் இருப்பதற்கு. மாடிப் பெட்டி புதிதாக உயிர் பெறும்போது கீழ்ப் பெட்டியைக் காற்றிலும் பிடிக்கும், வயரிலும் பிடிக்கும். நாம் இரண்டு வழியிலும் கை கோத்திருக்கிறோம், ஒன்றை விட்டுவிடுவோம் என்று இரண்டும் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சை நடுவில் இருக்கும் இந்த ஆபீஸ் ஸ்விட்ச் கடத்தவில்லை. போன செய்தியே சுற்றிச் சுற்றி வரும் வளையம் உண்டாகிவிட்டது, ஸ்விட்ச் பயந்து இரண்டு வாசலையும் இழுத்துச் சாத்திவிட்டது. குடோன் கேமராக்கள் வைஃபையில் தொங்குபவை. வாசல் திறக்கும்வரை அவற்றின் படம் பதிவாகும் இடத்துக்கு வந்து சேராது.

எவ்வளவு நேரம் சாத்தியிருக்க வேண்டும் என்ற கட்டத்தில் இருபது நிமிடம் என்று இருந்தது. போட்டவள் ஜெபமலர். பழைய கம்பெனியில் பெரிய ஆபீஸ்களுக்குப் போட்டுப் போட்டுக் கை பழகிய எண் அது. மாடிப் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

இனி ஒன்றுதான் தெரிய வேண்டும்: தினமும் அந்த நேரத்துக்கு மாடிப் பெட்டி ஏன் செத்துப் பிழைக்கிறது? தலைக்கு மேலே சரண கோஷம் ஒலிபெருக்கியில் அதிர்ந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள்.

ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரவியம் கண்ணை மூடி இருந்தார். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெட்டி ஒளியில்லாமல் இருந்தது, அதன் பிளக் தரையில் கிடந்தது, அது இருந்த இடத்தில் ஒலிபெருக்கியின் பிளக் இருந்தது. மங்கலத்தை அடுக்களைப் பக்கம் அழைத்துத் தணிந்த குரலில் கேட்டாள். அங்கே இருப்பதே ஒரு பிளக் பாயிண்ட்தான், மண்டலக்காலம் தொடங்கியதிலிருந்து பஜனைக்காகப் பெட்டியைக் கழற்றி ஒலிபெருக்கியை மாட்டுகிறோம், முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுகிறோம் என்றாள் மங்கலம். புதன்கிழமை? புதன்கிழமை குடும்பத்தோடு பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனோம், வீட்டில் பஜனை இல்லை.

எல்லா நாளும் பொருந்திவிட்டது. ஜெபமலருக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

"நெட்டு போகுதுன்னு உனக்குத் திங்கட்கிழமையே போன் பண்ணினேனல்லே?" என்றாள் மங்கலம். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அக்கான்னு நீதானே சொன்ன. நான் உடனே அதையும் செஞ்சேன்."

செய்திருப்பாள். இன்னொரு இருபது நிமிடம் இருட்டாகியிருக்கும். வேறொரு கடையில் ஏணி மேல் நின்றுகொண்டு, கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு சொன்ன பதில் அது. அன்றைக்கே வந்து பார்த்திருந்தால் நேற்று இருட்டில்லை, இன்றைக்குத் தெருவில் பை இல்லை. ஜெபமலருக்கு அவமானமாக இருந்தது.

பஜனை முடிந்ததும் திரவியத்தைக் கடைக்குக் கூட்டி வந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. உன் மெஷின் உன் பேச்சைக் கேட்டு எழுதும் என்றார். சரி, கண்ணால் பாருங்கள் என்று கேமராத் திரைக்கு முன்னால் நிறுத்தினாள். சொரிமுத்து தெருவில், பத்துப் பேர் நடுவில் இருந்தான். குடோனைப் பூட்டிச் சாவியைத் திரவியத்தின் கையிலேயே கொடுத்தாள். பிறகு, அதுவரை பொறுக்கச் சொல்லியிருந்த மங்கலத்துக்குப் போன் போட்டு, தினமும் செய்வது போலப் பிளக்கை மாட்டச் சொன்னாள்.

ஒரு நிமிடம் போயிற்று. திரையில் குடோன், மூட்டைகள், எல்லாம் பளிச்சென்று இருந்தன. திரவியம் அவளைப் பார்த்தார். பெட்டிக்கு உயிர் வர நேரமாகும் என்றாள். தன் குரல் தனக்கே பொய் போலக் கேட்டது. இரண்டு நிமிடம். திரவியம் சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். கணக்கு எங்கேயாவது தப்பியிருந்தால் சொரிமுத்துவின் கதி அவ்வளவுதான்.

முதல் கேமரா அப்படியே உறைந்தது. பிறகு இரண்டாவது. பிறகு இரண்டும் கறுத்தன.

திரவியம் ஸ்கூட்டர் சாவியைத் திரும்பப் பையில் போட்டார். வாசலுக்கு அப்பால் சொரிமுத்து உட்கார்ந்த இடத்தை விட்டு அசைந்திருக்கவில்லை. பெட்டி எங்கே போனதென்று இப்போதும் யாருக்கும் தெரியாது. ஆனால் வயரை இழுத்த கை என்று ஒன்று கிடையாது. அவர் கட்டிய வழக்குக்கு இருந்த ஒரே கால் அதுதான்.

"சரி. லைன்ல எதோ கொழப்பம்" என்றார். "நீ நேராக்கிட்டுப் போ. அவன் நாளைக்கு வேலைக்கு வரட்டும். வெளியில ஒண்ணும் பேசண்டாம். உனக்கும் அதுதானே நல்லது?"

நல்லதுதான். பதினாறு கடை. ஜெபமலர் தப்பாக மாட்டினாள், திருட்டுப் பட்டம் ஒருத்தன் தலையில் விழுந்தது என்று ஒருவர் சொன்னால் போதும், நாளைக் காலைக்குள் தெரு முனைவரை போய்விடும். ஸ்கூட்டர் தவணை, மகளின் பள்ளி எல்லாம் அவள் கண்முன் வந்து போயின. இருந்தும், சொரிமுத்துவிடமாவது சொல்லாமல் போக அவளால் முடியவில்லை. வெளியே போய் அவன் அருகில் குனிந்து, மெதுவாகச் சொன்னாள். கேமரா தானாகப் போனது, தப்பு என் கையில், உங்கள் மேல் ஒன்றுமில்லை, முதலாளி வேலைக்கு வரச் சொல்கிறார்.

அவன் அப்போதுதான் எழுந்து நின்றான்.

"எங்காதுல சொல்லி என்ன செய்ய, மேடம்? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியுமே. பைய எல்லாத்துக்கும் முன்னாலதான கொட்டுனாங்க. அவங்களுக்குச் சொல்லுங்க."

ஜெபமலர் நிமிர்ந்தாள். மிளகாய்க் கடை, வெல்ல மண்டி, பாத்திரக்கடை. நின்றவர்களில் நாலு பேர் அவளுடைய வாடிக்கைக்காரர்கள். உள்ளே திரவியம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"கேமரா போனது சொரிமுத்தண்ணனால இல்ல. அவரு வயரத் தொடவே இல்ல. நான் மாட்டினதுல தப்பு. திங்கட்கிழமையே வீட்டுக்காரங்க சொன்னாங்க, நான் வந்து பாக்கல."

 வெல்ல மண்டிக்காரர் தன் கடைக்குள் மாட்டியிருந்த கேமராவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். சொரிமுத்து இன்னும் குனிந்து சட்டைகளை எடுக்கவில்லை. எதிர்வரிசையில் நின்ற பாத்திரக்கடைக்காரரைக் காட்டினான்.

"அவருக்குத் தமிழ் தெரியாது, மேடம். அவரும்தான் பாத்துக்கிட்டு நின்னாரு."

ஜெபமலர் முதலிலிருந்து எல்லாவற்றையும் மலையாளத்தில் சொன்னாள்.