மதகு திறக்கும் நேரம்

அந்தத் தீவு ஊரிலேயே சுத்தமான ஆள் யாரென்று கேட்டால், ஊர்ச் சாக்கடையைக் கடலுக்குத் திறந்துவிடுகிற மதகுக்காரரைத்தான் சொல்லவேண்டும். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். காலையில் ஒரு குளியல், வேலை முடிந்து வந்ததும் ஒரு குளியல். நகக்கண்ணில் ஒரு கோடு அழுக்கு பார்க்க முடியாது. தட்டோரத்தில் ஒரு முடி கிடந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு அவ்வளவுதான். ஈ மொய்த்த பழம் இருக்கிற அறையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசக்கூட அவரால் ஆகாது. இந்த மூக்கை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கா போனீர்கள் என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். கிடைத்த வேலை அது, என்ன செய்வது?

ஆனால் ஊர் சும்மா விடுமா? பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்பும். தெரிந்தவர்களே எட்டி நின்று குசலம் விசாரிப்பார்கள். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒன்றே ஒன்றுதான் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. தங்கைக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், அண்ணனுக்கு என்ன வேலையென்று தெரிந்ததும், குடிக்க எடுத்த தண்ணீரை அப்படியே கீழே வைத்தார்கள். ஒருவர்கூட ஒரு மிடறு குடிக்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் ஒற்றைக்காலில் நின்றதால்தான் கல்யாணம் நடந்தது.

அந்த வீட்டிலிருந்துதான் இப்போது இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் மீன் வருகிறது. மஞ்சள் சாக்குப்பையில், நல்ல கொழுத்த மடவை. தங்கை புருஷனே சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் மாட்டிவிட்டுப் போவான். வறுத்தால் எண்ணெய் ஊற்றவே வேண்டாம், அதன் கொழுப்பிலேயே பொரியும். மனைவிக்கு நாத்தனாரைப் புகழ்ந்து மாளவில்லை. மதகுக்காரருக்கோ உச்சி குளிர்ந்துபோயிற்று. தண்ணீரைக் கீழே வைத்த வீடு மீன் கொடுத்து உறவு கொண்டாடுகிறதே, நம்மையும் மனுஷனாகச் சேர்த்துக்கொண்டார்களே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். மீனை அறுக்கும்போது வயிற்றுக்குள் கறுப்பாய்க் களி மாதிரி ஏதோ வருகிறதே என்று மனைவி ஒருமுறை மூக்கைச் சுளித்தாள். மடவை சேறு தின்கிற மீனடி, அப்படித்தான் இருக்கும் என்று அவரே விளக்கம் சொன்னார். பாவி மனுஷன்.

மீன் மட்டுமா? தினமும் காலையில் தங்கை புருஷன் போன் செய்து, இன்றைக்கு எத்தனை மணிக்கு மச்சான் திறக்கிறீர்கள் என்று கேட்பான். கடல் வற்றும் நேரத்தில்தான் மதகைத் திறக்கவேண்டும், அப்போதுதான் கழிவெல்லாம் கரையில் தங்காமல் வெளியே போகும். வற்றும் நேரமோ நாளுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிக்கொண்டே போகும். இந்த வேலையைப் பற்றி உலகத்தில் அக்கறையாக விசாரிக்கிற ஒரே ஜீவன் அவன்தான். அதனால் நிமிஷம் பிசகாமல் சொல்லுவார்.

அந்த நேரம் கொக்குகளுக்கும் தெரியும். மதகை ஒட்டிய பம்பு அறை ஜன்னலில் நின்று பார்த்தால், திறப்பதற்கு அரைமணி முன்பே வெள்ளை வெளேரென்று வந்து சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கடிகாரம் கட்டிய ஆபீசர்கள்கூட அப்படி வரமாட்டார்கள். அவற்றின் வெள்ளையைப் பார்த்து அவர் ஆரம்பத்தில் சொக்கித்தான் போனார். பிறகு ஒருநாள் ஒன்று அலகில் எதைக் கொத்திக்கொண்டு வந்ததென்று பார்த்துவிட்டார். அன்றிலிருந்து கொக்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாறைக்கு அப்பால், இருநூறு அடி தள்ளி, குழாயின் வாய் கடலில் திறக்கும் இடத்துக்கு அவர் போனதே கிடையாது. போகவேண்டிய அவசியமும் வந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மதகைத் திறந்தாயிற்று, நேரம் முடிந்து மூடப் போனால் சக்கரம் பாதியில் நின்றுவிட்டது. தம் கட்டித் திருகினார், அசையவில்லை. சக்கரத்தோடு கம்பியால் இணைந்த, குழாய் வாயில் இருக்கிற மூடியில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று புரிந்தது. வேறு வழியில்லை. துண்டை மூக்கில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பாறைகளில் கால் வைத்து இறங்கினார்.

சீ, அதை எப்படிச் சொல்லுவது? பச்சைக் கடலுக்குள் பழுப்பாய் ஒரு பாதை. அதன்மேல் சாம்பல் நுரை, கந்தல் துணி, பெயர் சொல்லக்கூடாத மிதப்புகள். அந்த நுரையில் ஆயிரக்கணக்கான வட்ட வாய்கள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மடவை. ஒன்றையொன்று முட்டித் தள்ளி, அந்தக் கண்றாவியை ஆசை ஆசையாய் விழுங்கிக்கொண்டிருந்தன. குழாய் மூடியில் ஒரு வலை சிக்கியிருந்தது. வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, தொடையளவு அந்தத் தண்ணீரில் தங்கை புருஷன் நின்றான். பாறைமேல் மஞ்சள் சாக்குப்பை துள்ளிக்கொண்டிருந்தது.

அவன் திடுக்கிடவுமில்லை, ஒளியவுமில்லை. வாங்க மச்சான், நல்ல வேளை வந்தீர்கள், அந்த முனையைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள் என்று சாதாரணமாகச் சொன்னான்.

மதகுக்காரர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை, வாந்திதான் வந்தது. காலையில் தின்றது, நேற்றுத் தின்றது, இரண்டு வருஷமாய்த் தின்றதெல்லாம் வருகிற மாதிரி வந்தது. தண்ணீரில் விழுந்த அதைத் தின்னவும் மீன்கள் ஓடிவந்தன. அதைக் கண்ணால் பார்த்தவர், மதகாவது மண்ணாவது என்று போட்டுவிட்டுக் கரையேறி ஓடினார்.

ஓடும்போது அவர் நினைப்பெல்லாம் தங்கைமேல்தான் இருந்தது. ஏழுமாதக் கர்ப்பிணி. படுபாவி, கட்டிய பெண்டாட்டிக்கும் இதைத்தானே போட்டிருப்பான்? வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ? வெயிலில் வேர்த்து வழிய அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, அடுப்பில் மீன் பொரிகிற வாசனை. நேரே போய் அடுப்பை அணைத்தார்.

"அதைத் தொடாதே, அந்த மீன் எங்க பிடிக்கறான் தெரியுமா உனக்கு?"

தங்கை கரண்டியோடு நின்று அவரையே பார்த்தாள். அண்ணன் முகம் வெளுத்து, சட்டையெல்லாம் நாறிப்போய் அவள் பார்த்ததே இல்லை.

"இது அந்த மீன் இல்லண்ணா. இது படகுல வந்தது, காலையில வாங்கினேன்."

அவர் சட்டியைப் பார்த்தார். சிவப்புச் செதில், வேறு ஜாதி மீன். மடவை இல்லை.

"அப்போ உனக்குத் தெரியுமா?"

தெரியுமே என்றாள். முதல் நாளே வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். அந்த நாற்றம் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் பையை வீட்டுப் படி ஏற விட்டதே கிடையாதாம். பாதியைச் சந்தையில் ஆழ்கடல் மீனென்று தள்ளிவிடுவார், மீதியை அண்ணன் வீட்டுக்கு என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். திருடிவிட்டுச் சொல்கிறவள் முகம் இல்லை அது.

"எங்களுக்கு மட்டும் ஏம்மா கொடுத்தனுப்பினே?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

"நீதானேண்ணா மதகைத் திறக்கறே. எத்தனை மணின்னு தினமும் நீதானே அவருக்குச் சொல்றே. உனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சுதான் ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கறேன்னு இருந்தோம். அங்கேயே இருக்கற உனக்கு இதெல்லாம் பழகியிருக்கும்னு நெனச்சோம்."

கூடப் பிறந்தவள் சொல்கிறாள். ஒரே சோப்பில் குளித்து, ஒரே தட்டில் தின்று வளர்ந்தவள். பஸ்ஸில் இடம் மாறி உட்கார்ந்த எவனும் அவரை இப்படி அடித்ததில்லை. கோபம் வந்தால் தேவலை என்றிருந்தது. வரவில்லை. தன் தோலைத் தானே உரித்து எறிந்துவிட்டால் என்ன என்று அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"உன் அண்ணியும் சாப்பிட்டாளே, அவளுக்கும் பழகியிருக்கும்னு நெனச்சியா?"

தங்கை குனிந்து அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். மீனைத் திருப்பிப் போட்டாள். பிறகு ஒரு தட்டைக் கழுவி எடுத்து, இரண்டு துண்டு வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரலில் பாசத்துக்கும் குறைவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போண்ணா. இது நாங்க சாப்பிடற மீன்தான்."