ஊசியின் எடை

ரெக்கார்டு பிளேயரில் ஊசியைத் தாங்கும் கையின் பின்பக்கமிருந்த சின்ன உருளையை மயிரிழை அளவு திருப்பிவிட்டு, அவன் மறுபடியும் ஊசியைத் தராசுத் தட்டில் இறக்கினான். ஒன்று புள்ளி ஒன்பது ஐந்து. இன்னும் கொஞ்சம் வேண்டும்.

"முடியலையா, தராசு?" கட்டிலிலிருந்து மனைவி கேட்டாள். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினாள். "தங்கம் வாங்கறவன்கூட இவ்வளவு பார்க்க மாட்டான்."

"ரெண்டு கிராம் இருக்கணும். கூடினா ரெக்கார்டு தேயும். குறைஞ்சா ஊசி குதிக்கும்."

"என்னையும் இப்படித்தான் நிறுத்துப் பார்த்துக் கட்டிக்கிட்டியா?"

"பார்த்தேன். கொஞ்சம் கூடுதலாத்தான் இருந்தே."

"இப்ப சரியா இருக்கும்."

அவன் உருளையை இன்னொரு மயிரிழை திருப்பினான்.

கடைத் தராசுகளைச் சோதித்துச் சரிசெய்து முத்திரை வைப்பது அவன் வேலை. கல்லூரியில் இயற்பியல் படித்ததற்கு அது கிடைத்தது. கல்யாணமான மறுவாரமே அவள் அவனுக்குத் 'தராசு' என்று பெயர் வைத்துவிட்டாள். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவளாயிருந்ததால் அவன் பதிலுக்கு அவளைக் 'கண்ணாடி' என்றான். நான்கு வருடத்தில் இருவரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டது மருத்துவமனைப் படிவங்களில் மட்டும்தான்.

அன்று காலை எட்டு மணிக்கு நர்ஸம்மா வந்து போயிருந்தார். அவளுடைய பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். போகும்போது அவனை வாசல்வரை கூப்பிட்டு, "இன்னிக்குத் தூரமா எங்கயும் போகாதீங்க, சார்" என்றார். "லீவுதான் போட்டிருக்கேன்" என்றான் அவன். "நான் அதைச் சொல்லல" என்றார் அவர்.

ஊசியை எடைபோடும் இந்தப் பாடெல்லாம் பெயரில்லாத ஒரு ரெக்கார்டால் வந்தது. பழைய புத்தகக் கடையில் அகராதி ஒன்று வாங்கியபோது, கடைக்காரர் சும்மா தூக்கிக் கொடுத்தது. ஈரத்தில் ஊறி நடுவிலிருந்த ஒட்டுத்தாள் இரண்டு பக்கமும் உரிந்து போயிருந்தது. உறையும் இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தன் கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் கோடுகளைப் பார்த்தாள். "பொம்பளை குரல். பாட்டு. அடிச்சுச் சொல்றேன்" என்றாள். "நடுநடுவுல வெறும் கோடா வருது பாரு. யாரோ ஒரு ஆளு பேசறாரு. நிறுத்தி நிறுத்திப் பேசறாரு" என்றான் அவன். தோற்றவர் ஆயுசுக்கும் பாத்திரம் கழுவ வேண்டும் என்று பந்தயம் ஆனது. அப்போது அவளுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. இருந்திருக்கும்; யாருக்கும் தெரியவில்லை.

படுத்த பிறகு அவள் வேறெதையும் கேட்கவில்லை. "அதுல என்னன்னு தெரியாமலே போயிடுவேன் போலிருக்கே" என்றாள் ஒருநாள், பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி. மறுநாளே அவன் ரெக்கார்டு பிளேயர் தேட ஆரம்பித்தான்.

தேட ஆரம்பித்தான் என்றால், அவன் தேடுகிற மாதிரி. மிக்ஸி வாங்க மூன்று மாதம் எடுத்துக்கொண்ட ஆள். நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டான். மருந்துக்குப் போக மிச்சம் இருப்பதில் என்ன வரும், எது நிற்கும் என்று எழுதினான். சூட்கேஸ் மாதிரி ஒன்று எல்லாக் கடையிலும் இருந்தது. மூடியைத் திறந்து ரெக்கார்டை வைத்தால் போதும். ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும். விலையும் கைக்கு அடக்கம்.

"இதை வாங்கேன். சிவப்புக் கலர் நல்லாயிருக்கு" என்றாள் அவள், போனில் படத்தைப் பார்த்து.

"அதுல ஊசி அஞ்சு கிராம் அழுத்தும். ரெக்கார்டை அரிச்சிடும். இருபது முப்பது தடவை போட்டா அவ்வளவுதான்."

"எத்தனை தடவை கேக்கப் போறேன்? ஒரு தடவை."

அவன் சிவப்புப் பெட்டியை வாங்கவில்லை. அதை வாங்கினால் ஒரு தடவை என்பதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது. எடையை மாற்றக்கூடிய கை உள்ள பிளேயர், அதுவும் பழையது, ஒரு விளம்பரத்தில் கிடைத்தது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வேறொரு வீட்டில். ஊசி மட்டும் புதிது. ஆயிரம் மணி நேரம் உழைக்கும். கட்டம் எல்லாம் நிரம்ப மூன்று வாரம் ஆனது.

தராசு இரண்டு கிராம் காட்டியது. அவன் பிளேயரைக் கட்டிலை ஒட்டி ஸ்டூலில் வைத்தான். வயர்களைச் செருகினான். சமையலறையிலிருந்து அக்கா, அதாவது அவளுடைய அக்கா, ஈரக்கையோடு வந்து கதவோரம் நின்றாள்.

"பாத்திரம் கழுவத் தயாரா?" என்றாள் மனைவி.

ரெக்கார்டு சுழன்றது. ஊசி இறங்கியது. ஆக்ஸிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவன் குமிழைத் திருப்பினான். முழுக்கத் திருப்பினான். ஸ்பீக்கரிலிருந்து ஓர் இரைச்சல், அதற்கடியில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுவதுபோல ஏதோ. பாட்டா பேச்சா என்று பிரியவில்லை.

"என்ன தம்பி, ரிப்பேரா?" என்றாள் அக்கா.

ரிப்பேர் இல்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஊசியிலிருந்து வரும் சத்தம் மிக மெலிது; அதை முதலில் ஒரு சின்னப் பெட்டி வாங்கிப் பெருக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் அது உள்ளேயே இருக்கும். இவன் வாங்கியதில் இல்லை. அந்தப் பெட்டிக்குப் பெயரான ப்ரீஆம்ப் என்ற சொல் அவன் நோட்டிலேயே இருந்தது, ஓர் ஓரத்தில், கேள்விக்குறியோடு. ஊசியின் எடைக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தான்.

சிவப்புப் பெட்டியில் அதுவும் உள்ளேயே இருந்திருக்கும்.

"ஒரு சின்ன சாமான் விட்டுப்போச்சு" என்றான்.

"எங்க கிடைக்கும்?"

"ஸ்டேஷன் பக்கத்துல கடை இருக்கு. நாளைக்குப் போய்..."

"இப்பவே போ."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள். நர்ஸம்மா சொன்னது அவளுக்கும் தெரியும்.

"போயேன், தராசு" என்றாள் அவள். "போய்ச் சட்டுனு வாங்கிட்டு வா. நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்." அப்புறம், அவன் செருப்பைப் போடும்போது, "எதிர்ல வர்ற வண்டியையெல்லாம் எடை போடாம ரோட்டைப் பார்த்துப் போ" என்றாள். அதுதான் அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது.

கடைக்காரர் நிதானமான மனிதர். வாடிக்கையாளர் வந்து பல நாள் ஆகியிருந்தது போல.

"ஏன் சார் பறக்கறீங்க? பாட்டு எங்கயும் போயிடாது" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். பக்கத்தில் இன்னொன்றையும் வைத்தார். "ரெண்டும் இதே வேலையைத்தான் செய்யும்."

எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அவன் கேட்டான். கேட்க வேண்டுமென்று நினைக்கவில்லை. வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிக் கேளுங்க! இப்பல்லாம் யாரு சார் இதைக் கேக்கறாங்க?" என்று ஒரு ரெக்கார்டை எடுத்துத் துடைத்து, இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். இதில் கீழ்ச்சுரம் நன்றாக வருகிறது என்றார். அதில் இரைச்சல் குறைவு என்றார். அவன் கேட்டான். தலையாட்டினான். இரண்டையும் இரண்டு கையில் எடுத்து, எது கனம் என்றும் பார்த்தான். சுவரில் கடிகாரம் இருந்தது. பன்னிரண்டு பத்து.

பன்னிரண்டு நாற்பதுக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோதே தெரிந்துவிட்டது. மெஷின் சத்தம் இல்லை. மூன்று மாதமாக அந்த வீட்டில் நிற்காத சத்தம். உள்ளே போகாமல் சற்று நேரம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நர்ஸம்மாவின் செருப்பு வாசலில் இருந்தது. அவர் சாயங்காலம்தான் வர வேண்டும்.

அக்கா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. "பன்னெண்டு பத்து" என்றாள்.

அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலிகள் வந்தன. கண்ணாடிக் கடை முதலாளி வந்து, "கைராசிக்காரப் பொண்ணு" என்று அழுதார். அவன் அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்து வரிசையாக நின்று, ஆளுக்கொரு முறை அவன் தோளைத் தொட்டார்கள். ஸ்டூல் யாருக்கோ உட்காரத் தேவைப்பட்டது. பிளேயரைத் தூக்கி அலமாரிமேல் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை வண்டி வந்தது. அவளைத் தூக்கும்போது அவனும் ஒரு முனையைப் பிடித்தான். வாசல் திரும்புவதற்குள் நாற்பத்தொரு கிலோ என்று அவன் கை சொல்லிவிட்டது. அது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று மத்தியானம் எல்லோரும் போன பிறகு அக்கா டம்ளர்களைக் கழுவினாள். அவன் துடைத்து அடுக்கினான்.

"நீங்க போனதும் அதைப் போடச் சொன்னா, தம்பி" என்றாள் அக்கா, குழாயைப் பார்த்தபடி.

"எதை?"

"ரெக்கார்டை. சத்தம்தான் வரலையேடின்னேன். பரவாயில்ல, சும்மா சுத்தட்டும்னா. நீங்க வெச்ச மாதிரியே ஊசியை வெச்சேன். பயந்துக்கிட்டேதான் வெச்சேன். அவ திரும்பிப் படுத்துக் காதைக் கொண்டுபோய் அதுகிட்ட வெச்சா. ஒட்டின மாதிரி. 'அக்கா, ஊசியே பேசுதுக்கா'ன்னா."

அவன் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. ஊசி கோட்டில் உரசும்போது ஊசியிலிருந்தே கொஞ்சம் சத்தம் வரும். இயற்பியல்தான். அன்றைக்கு அது அவனுக்குத் தோன்றவில்லை.

"கேட்டுச்சா அவளுக்கு?"

"கேட்டுச்சு. என்னடி பாட்டான்னு கேட்டேன். சிரிச்சா. 'பாட்டுதான். நான் ஜெயிச்சிட்டேன்னு தராசுகிட்ட சொல்லு'ன்னா." அக்கா குழாயை மூடினாள். "அப்புறம் அப்படியே கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தா. காலையிலேர்ந்து மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கினாளே, அது அடங்கிடுச்சு, தம்பி. நல்லா இழுத்து, மெதுவா விட்டு... வலி இல்லாம தூங்கறான்னு நான் சமையல்கட்டுக்குப் போயிட்டேன்."

"சரிக்கா" என்றான் அவன்.

பெட்டியை அவன் அடுத்த நாள்தான் பிரித்தான். அக்கா ஊருக்குப் போகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் அலமாரியிலிருந்து பிளேயரை இறக்கி, கட்டில் இருந்த இடத்தில் தரையில் வைத்தான். யாரோ தூக்கியதில் கையின் எடை கலைந்திருக்கும். தராசை எடுக்கவில்லை. வயர்களைச் செருகி ஊசியை இறக்கினான்.

முதலில் மழை தூறுவதுபோல் கரகரப்பு. பிறகு ஓர் ஆணின் குரல், வயதான, அவசரமில்லாத குரல், அறை முழுக்கக் கேட்டது.

"நிமிர்ந்து உட்காருங்கள். உட்கார முடியாதவர்கள் படுத்துக்கொள்ளலாம். தோள்களைத் தளர விடுங்கள். இப்போது மூச்சை உள்ளே இழுங்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நிறுத்துங்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. மெல்ல விடுங்கள்."

பிறகு வெறும் கரகரப்பு, மூச்சு விடும் நேரத்துக்கு.

அக்கா மடித்த புடவையோடு உள்ளேயிருந்து வந்தாள். ரெக்கார்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இதுவா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"மறுபடியும்" என்றது குரல். "மூச்சை உள்ளே இழுங்கள்."

அவன் இழுத்தான். கதவோரம் அக்காவின் தோள்கள் உயர்ந்தன. ஒன்று, இரண்டு என்று குரல் நான்குவரை எண்ணியது. நிறுத்துங்கள் என்றது. இருவரும் நிறுத்தினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

விடுங்கள் என்று அது சொல்ல இன்னும் இரண்டு எண் இருந்தது.