கவிழ்த்து வைத்த கிண்ணம்

என் மாமியார் உயிரோடு இருந்தபோதே சமையலறையை என்னிடம் முழுசாக விட்டதில்லை. செத்த பிறகாவது விடுவார் என்று நினைத்தது என் தப்பு.

என் நாத்தனாருக்கு ஈரல் கெட்டுவிட்டது. அவள் அம்மாவைக் கொண்டுபோன அதே நோய். அண்ணன் தன் ஈரலில் ஒரு பங்கு கொடுத்தால் பிழைப்பாள். ரத்தமும் பொருந்தியது. ஆனால் அந்த அண்ணனின், அதாவது என் வீட்டுக்காரரின், ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. "ஒரு மாசம் டைம். கொழுப்பு குறைஞ்சா ஆபரேஷன். குறையலைன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா. வேறு ஆள் எங்களுக்கு இல்லை.

அன்றிலிருந்து அவருக்குச் சர்க்கரை இல்லை, மாவுப் பண்டம் இல்லை, எண்ணெய் இல்லை. வேகவைத்த காயும் முட்டையின் வெள்ளைக்கருவும்தான். வேறு வாசனை எதுவும் அவரை வதைக்கக் கூடாதென்று நானும் அதையே சாப்பிட்டேன். மனிதர் முகம் சுளிக்காமல் தின்றார். தூக்கம்தான் போய்விட்டது. காலையில் கேட்டால், "பொட்டுக்கூடக் கண்ணை மூடல" என்பார். சட்டைத் தொழிற்சாலையில் அவர் கட்டிங் மாஸ்டர். கத்தி வைத்தால் நூல் பிசகாது என்று பேர் எடுத்தவர். அந்த வாரம் சட்டைக் கைக்கான அளவு அட்டையைத் திருப்பிப் போட மறந்து, ஒரு கட்டுத் துணி முழுவதையும் இடக்கையாகவே வெட்டித் தள்ளிவிட்டார். முதலாளி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அதே வாரத்தில்தான் கிண்ணம் வந்தது. காலையில் சமையலறைக்குள் போனால், ஜன்னல் திட்டில் ஒரு கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. நான் அங்கே எதையும் கவிழ்ப்பதில்லை. அது மாமியாரின் பழக்கம். மகனை ஒருநாளும் பசியோடு படுக்க விடமாட்டார். ரொட்டியைப் பிய்த்துப் பாலில் போட்டு, சர்க்கரை தூவிக் கொடுத்து, அவர் தின்று முடிக்கும்வரை எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பிறகு கிண்ணத்தைக் கழுவி அந்தத் திட்டில் கவிழ்ப்பார். நாத்தனாருக்காக வைத்திருந்த ரொட்டியைப் பார்த்தேன். குறைந்திருந்தது. டப்பாவில் சர்க்கரையும் இறங்கியிருந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஹாலில் கட்டிலில் கிடந்த நாத்தனாரிடம் போய் நின்றேன்.

"ராத்திரி எழுந்து ஏதாவது சாப்பிட்டியா?"

"நானா? வாயில வச்சாலே குமட்டுது அண்ணி." குரலைத் தாழ்த்தினாள். "தினமும் ஸ்பூன் சத்தம் கேக்குது. அம்மா அண்ணனுக்குப் பால் ரொட்டி குடுக்கிறப்போ கேக்குமே, அதே மாதிரி."

"பேசாம படு" என்றேன். ஆனால் அன்று முழுக்க அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாதி மாதத்தில் ஒரு பரிசோதனை. கொழுப்பு துளியும் குறையவில்லை. "மறைச்சு சாப்பிடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"என் தங்கச்சி மேல சத்தியம் டாக்டர்" என்றார் இவர். அவருக்குப் பொய் சொல்ல வராது; சொன்னால் காது சிவந்துவிடும். அன்று சிவக்கவில்லை.

அன்றிரவு தூங்குவதுபோல் பாசாங்கு செய்து கிடந்தேன். நடுச்சாமத்தில் அவர் எழுந்தார். பின்னாலேயே போனேன். இருட்டில் ரொட்டியைப் பிய்த்தார், பாலை ஊற்றினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. கண் திறந்திருந்தது; நான் நிற்பது அதில் படவில்லை. எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து தின்றார். "போதும்மா" என்றார் நாற்காலியிடம். பிறகு கிண்ணத்தைக் கழுவித் திட்டில் கவிழ்த்துவிட்டு வந்து படுத்தார். பொட்டுக்கூடத் தூங்கவில்லை என்கிறவர் தூங்கிய நேரம் அதுதான்.

அவரிடம் சொல்லவில்லை. தங்கையின் உயிருக்குத் தானே உலை வைக்கிறோம் என்று தெரிந்தால் மனிதர் தாங்கமாட்டார். மறுநாள் சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இரவு வந்து கதவைத் தட்டினார். "அம்மா, பசிக்குது." தோளால் இடித்தார். நான் இழுத்தும் நகரவில்லை. அப்போது நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுடையதே அல்லாத ஒரு குரலில் சொன்னாள்:

"பால் சூடா இருக்கு ராசா. ஆத்திக் கொண்டுவரேன். நீ போய்ப் படு."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்தார்.

அதன் பிறகு மாமியாரின் குரல் என் வீட்டில் இரவுதோறும் கேட்டது. எழுந்து நிற்கவே முடியாதவள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அதைச் சொல்வாள். கடைசிப் பரிசோதனைக்கு முந்தின நாள் அவளுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கூட யாரையும் இருக்க விடவில்லை. ஸ்ட்ரெச்சரில் போகும்போது என் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு நீங்கதான் சொல்லணும் அண்ணி."

மாமியாரோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை. அவர் குரல் என் தொண்டையில் எப்படி வரும்? வராவிட்டால் இவர் பூட்டை உடைத்துவிடுவார். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் எழுந்து போனேன்.

"பால் சூடா இருக்கு ராசா" என்றேன். வந்தது என் குரல் இல்லை. "ஆத்திக் கொண்டுவரேன். நீ போய்ப் படு."

அவர் போகவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ சாப்பிட்டியாம்மா?"

இதற்கு என்ன பதில் என்று நாத்தனார் சொல்லித் தரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னை யாரும் இப்படிக் கேட்டதுமில்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டு, "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்பார் மாமியார். பெருமை பீற்றிக்கொள்கிறார் என்று எத்தனை நாள் பொருமியிருக்கிறேன்.

"நான் அப்பவே சாப்பிட்டேன்" என்றேன்.

அவர் போய்ப் படுத்தார். நான் பூட்டிய கதவடியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இது போதும். தங்கச்சிக்கு மூச்சு சீரானதும் ஆபரேஷன் வச்சுக்கலாம்" என்றார். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம்.

"நேத்து கொஞ்சம் தூங்கினேன் போல" என்றார் இவர். "கனவுல அம்மா வந்தாங்க. ரொம்ப இளைச்சுப் போயிருந்தாங்க."

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். வளையல் முழங்கைவரை நழுவி இறங்கியது.