பத்தரை மணி முகம்

பெட்டியில் கிடத்தியிருந்த வரதனின் காலுக்குப் புது சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது அவனுடைய போன் அடித்தது. பிரின்சி நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை. அடக்கத்துக்குப் பாஸ்டர் பதினொன்றுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

போலீஸ் காலையில்தான் போனைத் திருப்பிக் கொடுத்திருந்தது. "இன்னாம்மா கேக்குது இது?" என்று மாமியார் சாராள் அதை நீட்டினாள். திரையில் ஒரு வட்டம். வேலையைத் தொடங்க முகத்தைக் காட்டவும் என்று எழுதியிருந்தது.

"அண்ணி, காட்டிடாதீங்க!" வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த ரகு ஓடிவந்தான். வரதனோடு சாப்பாட்டுப் பார்சல் டெலிவரிக்கு வண்டி ஓட்டியவன். டெலிவரிக்காரர்கள் சங்கத்திலும் இருக்கிறான்.

விஷயம் இதுதான். போன வருடம் யாரோ வாடிக்கையாளர் புகார் கொடுத்ததில் டெலிவரி கம்பெனி ஆப்பில் வரதனின் ஐடியை முடக்கிவிட்டது. என்ன ஏது என்று போய்க் கேட்க ஒரு ஆபீஸ்கூடக் கிடையாது. வேறு வழியில்லாமல் பிரின்சியின் பெயரில் ஐடி எடுத்து ஓட்டினான். முந்தாநாள் மத்தியானம் புதுவாயல் கூட்டுரோட்டில் இரண்டு பிரியாணியோடு லாரியில் அடிபட்டவன் வரதன். கம்பெனி பதிவில் வண்டி ஓட்டியவள் பிரின்சி. அவர்தான் நன்றாக இருக்கிறாரே, எதற்கு இழப்பீடு என்று ரகுவிடம் கேட்டார்களாம்.

"எம்புள்ள வேலை செஞ்சிக்கினே செத்தத ஊரே பாத்துச்சேப்பா," என்றாள் சாராள்.

"அதத்தாம்மா நிரூபிக்கணும். அந்த நேரத்துல அண்ணி பேக்டரிக்குள்ள இருந்தாங்க. கைரேகை வச்ச பதிவு இருக்குது. லேபர் ஆபீஸ்ல குடுப்போம். ஆனா இனிமே ஒரு தபா மூஞ்சி காட்டினாலும், தெனம் ஓட்டினது இவங்கதான்னு சாதிச்சிடுவானுங்க."

தினமும் பத்தரைக்கு, அவளுடைய டீ பிரேக்கில், வரதன் பேக்டரி கேட்டுக்கு வருவான். வடையைக் காகிதத்தோடு அவள் கையில் வைத்துவிட்டுப் போனை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பான்.

"சிரிக்காத. சிரிச்சா எடுக்காது."

சொல்லிவிட்டு அவனே மூக்கைச் சுருக்குவான், செக்யூரிட்டி மாதிரி நடந்து காட்டுவான். மூன்று தடவை, நான்கு தடவை ஆகும். "பேஜார் பண்ணாத, மணி ஆவுது" என்று திட்டுவாள். கல்யாணத்துக்கு முன்னால்கூட அவன் இப்படி வந்து நின்றதில்லை. ஐடி முடங்கியதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதை யாரிடமும் சொன்னதில்லை. இனி சொல்லவும் முடியாது.

போன் மறுபடியும் அடித்தது.

"குடுங்க அண்ணி, நான் ஆஃப் பண்றேன்."

"இருக்கட்டும்," என்று அவள் வாங்கிக்கொண்டாள். கை தானாகவே நெற்றி முடியை ஒதுக்கியது. சட்டென்று துப்பட்டாவை இழுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டாள்.

முகம் தெரியவில்லை என்றது போன். வட்டம் அணையும்வரை அதை உயர்த்திப் பிடித்தபடி, சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.