நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

கோரல் டாஸ்கர் பதினோரு வருஷமாக அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாமல் குப்பை கூட்டியவள். கிறுக்கல்களை அழிப்பாள், சண்டைகளை விலக்கிவிடுவாள். அங்கே கறாரான சட்டமென்று அதிகம் கிடையாது, வழிகாட்டுதல்கள்தான். அதில் முதலாவது, எதிரே இருப்பவர் நல்லெண்ணத்தோடு எழுதுகிறார் என்று நம்பு. ஒருவர் தன் கையில் புத்தகம் இருக்கிறது என்றால் இருக்கிறதுதான். பக்கத்தைக் காட்டு என்று கேட்பது மரியாதைக் குறைவு.

அந்த நம்பிக்கையில்தான் மண் விழுந்தது.

டாஸ்மேனியாவின் மேற்குக்கரையில், அவள் ஊர்ச் சுரங்கத்தில் 1974இல் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் கம்பி அறுந்து ஏழு பேர் செத்தார்கள். அதைப் பற்றிய பக்கத்தை 'பழைய ரயில்' என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார். கூண்டை இயக்கிய லெஸ் பைபஸ் குடித்திருந்தார் என்று அதில் ஒரு வரி. ஆதாரம், அச்சில் இல்லாத ஓர் ஊர் வரலாறு, பக்கம் 143. பழைய ரயிலைக் கோரல் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் எழுத்தில் ஒரு புள்ளியைக்கூடச் சந்தேகித்ததில்லை.

யாரோ அந்த வரியை அழித்தார்கள். கோரல் திரும்பப் போட்டாள். மூன்றாம் முறை அழித்தவரின் கணக்கை முடக்கிவிட்டு, தானே எழுதிவைத்திருந்த எச்சரிக்கையை ஒட்டினாள்: 'உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உங்களுக்குத் தெரியும் என்பது மட்டும் போதாது.'

மறுநாள் மழையில் நனைந்தபடி லெஸ்ஸின் மகள் நெரிடா வாசலில் நின்றாள்.

"என்னை முடக்கினது நீங்கதானே?"

"நீயா அது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. அழிக்கும்போதே, அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை, எனக்குத் தெரியும்னு எழுதினேன். தெரிஞ்சா மட்டும் போதாதுன்னுட்டீங்க. முதியோர் இல்லத்துல எதிர்க் கட்டில்காரர் அதை ஃபோன்ல சத்தமாப் படிச்சிருக்கார். அன்னிக்கிலிருந்து அப்பா சாப்பாட்டைத் தொடல."

"புத்தகத்துல இருக்கு, நெரிடா."

"நீங்க பார்த்தீங்களா?"

பதினோரு வருஷத்தில் அவளை அப்படி யாரும் கேட்டதில்லை.

ஹோபார்ட் நூலகத்திலிருந்து புத்தகம் வர ஒன்பது நாள் ஆயிற்று. மொத்தமே 112 பக்கம். லெஸ் 87ஆம் பக்கத்தில் இருந்தார், கம்பி துருப்பிடித்துவிட்டதென்று மேலிடத்துக்கு இரண்டு முறை எழுதிக்கொடுத்தவராக. கோரல் உடனே பழைய ரயிலுக்கு எழுதிக் கேட்டாள்.

'என் அண்ணன் அந்தக் கூண்டுல போனான். யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும்ல' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஆளே இல்லை.

அவள் அந்த வரியை அழித்த அன்று காலையில்தான் லெஸ் இறந்திருந்தார். மறுநாள் செய்தித்தாளில் இரங்கல் குறிப்பு வந்தது. 'குடிபோதையில் கூண்டை இயக்கியவர்' என்று போட்டிருந்தான் பாவி நிருபன், அவள் அழிக்குமுன் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து.

மதியத்துக்குள் பெர்த்திலிருந்து ஒருவர் வரியைத் திரும்பப் போட்டார். இப்போது ஆதாரம் அந்தச் செய்தித்தாள். மனுஷர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார், அவர்மேல் குற்றமே இல்லை. கோரல் அவருக்கு நடந்ததையெல்லாம் எழுதினாள்.

'அவர் குடிக்கலைன்னு புத்தகம் சொல்லலையே. எல்லாரும் பேசி முடிவெடுப்போம், ஒரு மாசம் ஆகும்' என்றார் அவர்.

"அந்த வரி போயிடுச்சா?" என்று நெரிடா ஃபோனில் கேட்டாள். "வெள்ளிக்கிழமை அடக்கம். வர்றவங்க எல்லாரும் பார்ப்பாங்க."

"இதோ" என்றாள் கோரல். அழித்தாள். திரும்ப வந்தது. மறுபடி அழித்தாள். மூன்றாம் முறை அழித்ததும் அவள் கணக்கை முடக்கிவிட்டார்கள். திரையில் எச்சரிக்கை வந்து நின்றது: 'உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உங்களுக்குத் தெரியும் என்பது மட்டும் போதாது.'

"கோரல்? போயிடுச்சா?"

"இல்லம்மா" என்றாள்.