பாகெத்தின் கல்

எங்கள் ராஜா சாகவே மாட்டேன் என்கிறார். வாய்விட்டுச் சொன்னால் மூக்கை அறுத்துவிடுவார்கள், ஆனால் ஊரே மனதுக்குள் சொல்லிக்கொள்வதுதான். நான் பிறந்தபோதும் ராமேசஸ், எனக்குக் கல்யாணம் ஆனபோதும் ராமேசஸ். அவருக்குப் பின் பட்டம் கட்டக் காத்திருந்த பிள்ளைகள் கிழவர்களாகிச் செத்தே போனார்கள். முப்பது வருஷம் ஆண்டால் எடுக்கிற விழாவை எப்போதோ எடுத்து முடித்தார். பிறகும் நினைத்து நினைத்து எடுத்துக்கொண்டே இருக்கிறார்.

விழா என்றால் புதுச் சிலை. புதுச் சிலை என்றால் என் வீட்டுக்காரர் பாஷெடு வீடு தங்கமாட்டார். அவருக்கு ஒரே வேலை, ராஜா பெயரைக் கல்லில் வெட்டுவது. தூணில் வெட்டுவார், சுவரில் வெட்டுவார், செத்துப்போன பழைய ராஜாக்களின் சிலைகளில்கூட இந்த ராஜா பெயரை வெட்டுவார். பின்னால் வருகிற எவனும் அழிக்க முடியாதபடி விரல் உள்ளே போகிற ஆழத்துக்கு வெட்ட வேண்டும் என்று உத்தரவு.

எங்கள் மகள் பாகெத் போன வெள்ளக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். ஏழு வயது. கல்லில் பெயர் இல்லாத பிள்ளைக்கு நாங்கள் படைக்கிற ரொட்டி போய்ச் சேராது. ஒரு சின்னக் கல், அதில் அவள் பெயர். அவ்வளவுதான் கேட்டேன். "அடுத்த ஓய்வு நாள்ல பாக்கலாம்" என்பார். ஓய்வு நாள் வந்தால் பீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். ஊரிலேயே நல்ல கைக்காரரைக் கட்டிக்கொண்டு ஒரு பெயருக்கு இப்படித் தொங்கவேண்டியிருக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருவழியாக இன்று காலை முற்றத்தில் கல்லோடு உட்கார்ந்தார். நான் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டே உளிச் சத்தத்தைக் கேட்டேன். வயிறு குளிர்ந்துபோனது. சத்தம் நின்றதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ராஜா பெயரைச் சுற்றி மட்டும்தான் வளையம் போடுவார்கள் என்பது வாத்து மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"என்னய்யா இது?"

"ஏன், நல்லாத்தானே வந்திருக்கு."

"சுத்தி வளையம் போட்டிருக்கியே. எம்மவ எப்பய்யா ராஜா ஆனா?"

அவர் குனிந்து பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"கை அதுபாட்டுக்கு ராஜா பேரை வெட்டிடுச்சு புள்ள."

"பெத்த பொண்ணு பேரு மறந்துபோச்சா உனக்கு?"

"மறக்கல. பாகெத்து பாகெத்துன்னு சொல்லிக்கிட்டேதான் வெட்டினேன்."

அதைக் கேட்ட பிறகு கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம்.

"சரி, செதுக்கி எடு," என்றேன்.

"ராஜா பேருல உளி வெச்சா கைய எடுத்துடுவாங்க. அதோட விரல் ஆழம் போயிருக்கு. எடுத்தா கல்லு ரெண்டாப் போயிடும். அடுத்த ஓய்வு நாள்ல வேற கல்லு..."

"இன்னொரு தடவ அதைச் சொன்னே, இந்தக் கல்லாலேயே மண்டைய உடைப்பேன். அந்தப் பழைய ராஜாங்க பேரையெல்லாம் என்ன பண்ணுவ?"

"சாந்து பூசி மூடிட்டு மேல வெட்டுவோம்."

"அப்ப இதுக்கும் பூசு."

அவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அவரு பேரு மேலயா?"

"அவரு எத்தன பேரு மேல ஏறி உக்காந்திருக்காரு. எம்மவ ஒருத்தி ஏறினா என்ன?"

சாந்து குழைத்தார். பூசி, காய்ந்ததும் அதன் மேல் பாகெத் பெயரை வெட்டினார்.

"இது நிக்காது புள்ள. என்னைக்காவது உதிரும். அப்ப அவரு பேருதான் தெரியும்."

"உதிரட்டும். அதுவரைக்கும் எம்புள்ள சாப்பிடட்டும்."