பதினேழு சென்டிமீட்டர்

சவப்பெட்டியை இறக்கி வைத்ததுமே தச்சருக்கு எங்கோ இடித்தது. மனைவியைக் கிடத்தியபின் பார்த்தால், காலடியில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இடம் மிச்சம்.

காலையில் அளவெடுத்துப் பட்டறைக்குப் போனில் சொன்னவர் அவரேதான். தன் காதுக்குக்கூட எட்டாதவளுக்கு நூற்று எழுபத்திரண்டு வந்தபோதும் உறைக்கவில்லை. இடுப்பிலிருந்த இரும்பு டேப்பை இழுத்துப் பார்த்தார். முதலில் தெரிந்த எண் பதினெட்டு.

டேப்பின் முதல் பதினேழு சென்டிமீட்டரை வெட்டியவள் மனைவிதான். சின்ன செயற்கைக்கோள் செய்யக் கற்றுத்தருகிறார்கள் என்று ஐம்பத்திரண்டு வயதில் வகுப்பில் சேர்ந்தாள். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டியின் ஆன்டெனாவுக்கு, மடக்கினால் மடங்கி, விட்டால் நிமிரும் தகடு வேண்டுமாம். அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "வேற வாங்கிக்குங்க, இது ராக்கெட்ல போகப்போவுது" என்று நறுக்கினாள். வீம்புக்கு அவர் வேறு வாங்கவில்லை. மூன்று மாதமாகப் பதினேழைக் கழித்தே அளந்தார். இன்றைக்குத்தான் மறந்துபோனார்.

வகுப்பு ஆசிரியை வந்தாள். சாப்பாட்டு மேஜையில் செயற்கைக்கோள் அப்படியே இருந்தது. நேற்று அதைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். மடக்கிய தகட்டை நைலான் நரம்பால் கட்ட வேண்டும். மேலே போனதும் ஒரு கம்பி சூடேறி நரம்பை எரிக்க வேண்டும். மூன்று சோதனையிலும் நரம்பு கம்பியைவிட்டு வழுக்கிவிட்டது. இன்று ஐந்து மணிக்குள் ஒப்படைக்காவிட்டால் ராக்கெட்டில் இடம் போய்விடும். பரவாயில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாள் ஆசிரியை.

"அடுத்த வருஷம் அவ இருப்பாளாம்மா?" என்றார் தச்சர். பிறகு மகளிடம், "அந்த மெல்லிசு அரத்தை எடு."

"அப்பா, இப்பவா?"

"இப்பதான். அடக்கத்துக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

டேப் தகடு குழிவானது. அதில் நரம்பு வழுக்காமல் என்ன செய்யும்? இரண்டு விளிம்பிலும் மயிரிழை ஆழத்துக்குப் பள்ளம் அராவி, பொடியை ஊதித் துடைத்தார். ஆசிரியை கட்டினாள். முதல் தடவை நரம்பு வழுக்கவில்லை, ஆனால் கம்பியைத் தொடவும் இல்லை. அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டச் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது அவருக்கு.

இரண்டாம் தடவை லேசாகக் கருகல் வாசனை வந்தது. டக்கென்று தகடு நிமிர்ந்தது. ஒன்று முதல் பதினேழு வரை எல்லா எண்களும் தெரிந்தன.

மனைவியிடம் சொல்லத் திரும்பினார். அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே, மறுபடி கட்டி எடுத்துக்கொண்டு போகும்படி ஆசிரியைக்குக் கை காட்டினார்.

சவப்பெட்டியைக் குறைத்துவிடலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம், தூக்கும்போது உடம்பு நகராமல் இருந்தால் போதும் என்றார். மனைவி வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போகும் நீலக் கோட்டை எடுத்து மடித்தார். காலடி இடைவெளியில் டேப்பை வைத்தார். முப்பத்து நான்கு காட்டியது.

பதினேழைக் கழித்துக்கொண்டு, கோட்டை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.